இறங்க மறுக்கும் டிகாஷன்

பெங்களூரில் பெல்லந்தூர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகி கேட்டிருக்கிறார்: "ஒரே ஃபில்டர், ஒரே கடைப் பொடி. என் மாமியார் விடியற்காலையில் போட்டால் கால் மணி நேரத்தில் டிகாஷன் இறங்கிவிடுகிறது. நான் ராத்திரியே போட்டு வைத்தால் சில நாள் விடியும் வரை தண்ணீர் மேலேயே நிற்கிறது. எல்லாம் கைராசி என்கிறார் அவர். இதற்கு அறிவியல் என்ன சொல்கிறது? பித்தளை ஃபில்டர் வாங்கினால் சரியாகுமா?"

நல்ல கேள்வி. துப்பும் அதிலேயே இருக்கிறது: ஒருவர் போடுவது விடியற்காலை, இன்னொருவர் போடுவது ராத்திரி.

ஃபில்டர் எப்படி இருக்கும் என்று தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. மேல் பாத்திரம், அதன் அடியில் ஊசித் துளைகள், அதற்குமேல் பொடி, பொடியை அமுக்கும் குடை, வெந்நீர், மூடி. கீழே ஒரு காலிப் பாத்திரம். நீரைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு, தடுத்து நிறுத்தப் பார்ப்பது பொடி. இந்த இழுபறிக்கு ஒரு விதி உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் காபியை நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை.

பிரான்ஸில் டிஜான் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊற்றிலிருந்து 1840-லேயே ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். மணல் வழியாக நீர் எவ்வளவு வேகத்தில் வடியும் என்று தெரிந்துகொள்ள, ஊர் மருத்துவமனையில் ஆளுயரத்துக்கும் மேலான ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, மணலை நிரப்பி, நீரை விட்டு அளந்தார். 1856-ல் வெளியான அறிக்கையில் முடிவைச் சொன்னார்: மேலே நிற்கும் நீரின் உயரம் கூடினால் வடிவதும் கூடும், மணல் அடுக்கின் தடிமன் கூடினால் வடிவது குறையும், மற்றதெல்லாம் மணலின் குணத்தைக் காட்டும் ஒரே ஓர் எண்ணில் அடங்கும். மின்னழுத்தத்துக்குப் பதில் நீர்மட்டம், மின்தடைக்குப் பதில் மணல் என்று வைத்துக்கொண்டால் பத்தாம் வகுப்பு ஓம் விதிதான். மணலை எடுத்துவிட்டுக் காபிப்பொடியைப் போட்டாலும் விதி மாறாது.

அந்த ஒற்றை எண்ணில்தான் காபிக் கடைக்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது. துகளின் அளவு பாதியானால் நீர் வடியும் வேகம் பாதியாவதில்லை, ஏறத்தாழ கால் பங்காகிவிடுகிறது. வடிவேகம் துகள் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் இந்த நிலை. அரவை இயந்திரத்தின் பல்லைக் கொஞ்சம் நெருக்கிவிட்டால் வீட்டில் டிகாஷன் தவங்கும். போதாததற்கு, எந்த அரவையிலும் மாவு போன்ற நுண்துகள் கொஞ்சம் சேர்ந்தே வரும். தண்ணீரை உயரத்திலிருந்து தடதடவென்று கொட்டினால் அது கலங்கிப்போய்ப் பெரிய துகள்களின் இடுக்கில் அடைந்துகொள்ளும். மிக நைசாக அரைத்தால் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் அத்தனை அழுத்தத்திலும் பொடியில் சில பகுதிகள் அடைபட்டு, நீர் ஒரே சீராகப் பாய்வதில்லை என்று ஆரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் ஹெண்டன் உள்ளிட்ட குழு 2020-ல் கணிதமும் சோதனையுமாகக் காட்டியது. நம் ஃபில்டரில் வெறும் புவியீர்ப்பு மட்டும்தான்.

சிக்கரிக்கும் இதில் பங்குண்டு. அது ஒரு செடியின் வேர், இனுலின் என்ற நார்ச்சர்க்கை நிறைந்தது. வறுத்துப் பொடித்த சிக்கரி, காபியைவிட மிக அதிகமாக நீரில் கரையும். கரைந்ததும் டிகாஷன் கெட்டியாகும். கரையாத மிச்சம் நீரை உறிஞ்சி உப்பும். இரண்டுமே நீரின் ஓட்டத்தை மட்டுப்படுத்துகின்றன. பொட்டலத்தில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது 49 வரை சிக்கரி போடலாம். அந்த 49-ஐக் காபி என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை, ஆனால் அது வேறு சண்டை. சூடும் முக்கியம்: 95 டிகிரி நீரின் பாகுநிலை (ஓடத் தயங்கும் குணம்), 20 டிகிரி நீரின் பாகுநிலையில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆற ஆற, சொட்டு மந்தப்படும்.

ஆனால் இவை எல்லாமே மாமியாருக்கும் மருமகளுக்கும் பொது. அதே பொடி, அதே சிக்கரி, அதே கொதிநீர். எனவே திருடன் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

கீழ் பாத்திரம் காலி என்று சொல்கிறோம். காலி ஒன்றும் இல்லை; அதில் சுமார் கால் லிட்டர் காற்று இருக்கிறது. ஒரு சொட்டு டிகாஷன் உள்ளே வர வேண்டுமானால் ஒரு சொட்டளவு காற்று வெளியேறியாக வேண்டும். எந்த வழியாக?

பொடி வழியாக மேலே போகலாமே என்று தோன்றும். முடியாது. நனைந்த பொடியின் இடுக்குகளைப் பரப்பு இழுவிசை நீரால் பூட்டி வைத்திருக்கிறது. இடுக்கின் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று என்று கொள்வோம். அங்கே குந்தியிருக்கும் நீரை நெட்டித் தள்ளிக்கொண்டு ஒரு காற்றுக்குமிழ் மேலேற, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீர் கொடுக்கும் அழுத்தம் தேவை. ஃபில்டரில் நாம் ஊற்றுவதோ ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம். ஆக காற்றுக்கு ஒரே வாசல்தான்: மேல் பாத்திரம் கீழ் பாத்திரத்தின் வாயில் உட்காருகிறதே, அந்த வளைய இடைவெளி.

அந்த வாசலும் அடைத்துக்கொண்டால்? பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) அளவில்தான் இருக்கும். ஆறு சென்டிமீட்டர் நீரின் அழுத்தம் 0.6 கிலோபாஸ்கலை ஒட்டி வரும். அதாவது காற்றழுத்தத்தில் 150-ல் ஒரு பங்கு. அழுத்தம் கூடினால் காற்று அதே விகிதத்தில் சுருங்கும் என்ற பாயிலின் விதிப்படி, உள்ளே சிக்கிய காற்று தன் கன அளவில் 150-ல் ஒரு பங்கு சுருங்கினால் போதும், கீழிருந்து அது தள்ளும் விசையும் மேலே நிற்கும் நீரின் அழுத்தமும் சரிக்குச் சரி. கால் லிட்டரில் 150-ல் ஒரு பங்கு என்றால் ஒன்றரை மில்லிலிட்டர் சொச்சம். ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு டிகாஷன் இறங்கியதும் கதவு சாத்திக்கொள்ளும். அதன்பிறகு ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது.

இன்னும் வேடிக்கை, அந்த ஒன்றரை மில்லிகூட இறங்காமல் போகலாம். கொதிக்கும் நீர் நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. கீழே உள்ள காற்று சூடாகாமல் இருக்குமா? வெறும் 2 டிகிரி சூடேறினாலே அதன் அழுத்தம் 150-ல் ஒரு பங்கு கூடிவிடும். ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் பொத்தித் தூக்கினால் ஜூஸ் கீழே விழாமல் தொங்குமே, அங்கே மேலே இருக்கும் காற்று செய்யும் வேலையை இங்கே கீழே இருக்கும் காற்று செய்கிறது.

சரி, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் என்ன பெரிய அடைப்பு இருந்துவிட முடியும்? ரப்பர் வளையமா இருக்கிறது? ரப்பர் வேண்டாம், ஈரம் போதும். தலைமுடி கனத்துக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு இடைவெளி இருந்தால், அதில் படிந்த நீர்ப்படலத்தை உடைக்கப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீரின் அழுத்தம் வேண்டும். நம்மிடம் இருப்பது ஆறு. படலம் அசையாது.

டிகாஷன் நின்றுபோன ஃபில்டரின் விளிம்பைச் சமையலறை விளக்குக்கு நேராகக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் பழுப்பேறிய ஈரக்கோடு ஒன்று சுற்றிலும் பளபளக்கும். மேல் பாத்திரத்தை ஒரு பக்கமாகத் துளி தூக்கினால் அந்தக் கோட்டில் ஓரிடம் உப்பி, குமிழாகி, 'புஸ்' என்று உடையும். மறுகணமே உள்ளே டொக், டொக் என்று சொட்ட ஆரம்பிக்கும். பாட்டிமார் கரண்டிக் காம்பால் ஃபில்டரைத் தட்டுவதும் இதற்காகத்தான். அதிர்வில் படலம் உடைகிறது.

இப்போது வாசகியிடம் வருவோம். எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். ராத்திரி யூட்டிலிட்டியில் (சமையலறையை ஒட்டிய கழுவும் இடத்தில்) பாத்திரமெல்லாம் கழுவி முடித்த கையோடு, ஃபில்டரை ஒரு உதறு உதறிவிட்டுப் போடுவாராம். மூடியையும் நன்றாக அழுத்திவிடுவார், கரப்பான் ஏறாமல் இருக்க. மாமியார் எழுந்து போடும்போதோ, ஃபில்டர் இரவு முழுக்கக் கூடையில் கவிழ்ந்து கிடந்து காய்ந்திருக்கிறது. ஒருவருக்குக் காய்ந்த விளிம்பு, இன்னொருவருக்கு ஆரம்பத்திலேயே அடைபட்ட ஈர விளிம்பு. சில நாள் நன்றாக உதறியிருப்பார், அன்று இறங்கும்.

மூடியின் குற்றமும் சின்னதல்ல. வெந்நீருக்கு மேலே இருக்கும் இடம் நீராவியால் நிறைந்தது. 90 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 70 கிலோபாஸ்கல், 80 டிகிரிக்கு ஆறினால் 47. மூடி காற்றே புகாமல் இருந்தால், அந்த 23 கிலோபாஸ்கல் இழப்பு நீரை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். நீரை இறக்கும் அழுத்தத்தைப் போல நாற்பது மடங்கு அது. எவர்சில்வர் மூடிகள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில்லை என்பதால் பிழைத்தோம். மூடியைச் சும்மா மேலே வையுங்கள், அழுத்த வேண்டாம். விளிம்புகள் இரண்டையும் உலர்ந்த துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். பொடி புதிதாக வறுத்ததாக இருந்தால் முதலில் நனையும் அளவு மட்டும் நீர் விட்டு அரை நிமிடம் விடுங்கள். வறுவலின்போது உள்ளே தங்கிய கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேறட்டும்; இல்லாவிட்டால் அந்தக் குமிழ்களும் இடுக்குகளை அடைக்கும்.

கைராசிக்கு இவ்வளவுதான் இடம். காபியில் கைராசி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். போர்வெல்லில் அப்படிப் போக முடியவில்லை. இந்த ஊரில் காவிரி நீர், தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரமும் அரை கிலோமீட்டர் உயரமும் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. அது எட்டாத அடுக்ககங்களுக்குப் போர்வெல்லும் டேங்கரும்தான் கதி. 2024 கோடையில் எத்தனையோ போர்வெல்கள் வற்றி, வாட்ஸாப் குழுக்களில் தண்ணீர் தவிர வேறு பேச்சே இல்லை. எங்கள் வளாகத்தில் புதிதாக ஒன்று தோண்ட முடிவானபோது, ஐ.டி.யில் பெரிய பதவிகளில் இருப்பவர்கள் கூடி நின்று பார்க்க, ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் சுண்ணாம்பால் குறி போட்டார்கள். ஆட்சேபித்த எனக்கு "நம்பிக்கை இல்லாவிட்டால் சும்மா இருங்கள் சார்" என்று பதில் கிடைத்தது.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1987-88-ல் ஜெர்மனியில் மியூனிக் அருகே ஒரு கொட்டகையின் தரைத்தளத்தில் தண்ணீர்க் குழாயை இஷ்டம்போல் நகர்த்தி வைத்து, மாடியில் நீரோட்டம் பார்ப்பவர்களை நடக்கவிட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களிலிருந்து தேர்ந்த 43 பேர், 843 முயற்சிகள். நடத்தியவர்களே சிலருக்குத் திறமை இருக்கிறது என்று எழுதினார்கள். ஜிம் என்ரைட் என்ற அறிவியலாளர் அதே தரவை அலசியபோது, குருட்டாம்போக்கில் கிடைப்பதற்கு மேல் உருப்படியாக எதுவும் தேறவில்லை. கை தன்னையறியாமல் கொஞ்சம் அசைந்தாலே தேங்காய் புரண்டு நிமிரும்.

பெங்களூருக்கு அடியில் இருப்பது 'நைஸ்' (gneiss) எனப்படும் பழமையான கெட்டிப் பாறை. மேலே சிதைந்து மண்ணான பகுதியில் டார்சி சொன்னபடியே நீர் மெதுவாக இறங்குகிறது. அதற்குக் கீழே விரிசல் இருக்கும் இடத்தில் மட்டுமே நீர், விரிசல் இல்லாவிட்டால் 1000 அடி போனாலும் புழுதி. விரிசல் எங்கே, நீர்மட்டம் மாதாமாதம் எப்படி மாறுகிறது என்று தெரிய, தேங்காய் போதாது. கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், அளக்க ஆள் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.65 சதவீதத்தைச் சுற்றியே வருடக்கணக்காகச் சுழல்கிறது. அதிலும் ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல், கிணற்றில் நாடா விட்டு அளப்பவருக்குக் கிடைப்பதில்லை. காபியிலும் எனக்கு ஓர் ஆசை உண்டு. காபி வாரியத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான். சிக்கமகளூரு மாவட்டம் பாலேஹொன்னூரில் 1925 முதல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடிக்கு வரும் துரு நோயையும் தண்டுத் துளைப்பானையும் அங்கே ஆராய்வது அவசியம்தான். அதோடு மூன்று இளநிலை மாணவர்களுக்கு ஒரு தராசும் ஒரு அழுத்தமானியும் கொடுத்து, கும்பகோணம் ஃபில்டரை ஒரு வருடம் அளக்கச் சொல்லலாம். எஸ்பிரெஸ்ஸோவுக்கு உலகமே சமன்பாடு எழுதுகிறது.

பித்தளை விஷயம் பாக்கி. பித்தளை, எவர்சில்வரைவிட ஏழெட்டு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் இவ்வளவு மெல்லிய சுவரில் அதனால் பெரிய லாபமோ நட்டமோ இல்லை. சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைச் சுற்றியுள்ள காற்றுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பித்தளை ஃபில்டர் கனமாக இருப்பதால், ஊற்றிய நீரிலிருந்து முதலில் நாலைந்து டிகிரியைத் தானே வாங்கிக்கொள்ளும். பெங்களூரில் தண்ணீர் கொதிப்பதே 97 டிகிரியில். டிசம்பர் காலையில் அந்த நாலைந்தை இழப்பது கொஞ்சம் உறைக்கும். வாங்கினால், பொடி போடும் முன் வெந்நீரில் ஒருமுறை அலசிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். அலசியபின் விளிம்பைத் துடைக்க மறக்க வேண்டாம்.