கரோக்கே டிராக்கில் கஜல் பாடுகிறவர்களுக்கு

இந்துஸ்தானி வாய்ப்பாட்டு சொல்லித்தருகிறேன். கஜல் கற்க வருகிறவர்கள் பலர் இப்போது கைபேசியில் கரோக்கே டிராக்கோடுதான் வருகிறார்கள். சுருதி நிற்கும், உருது உச்சரிப்பும் ஓரளவு சரி. ஆனாலும் கேட்பவர் தலை அசைவதில்லை.

குறை குரலில் இல்லை. கஜல் என்பது ஈரடிகளால் ஆன கவிதை. அதன் ஒவ்வொரு ஈரடியும், அதாவது ஷேர், ஒரு தனிக் கவிதை. எல்லா ஷேரும் ஒரே காஃபியா, ரதீஃபில் போய் முடியும். காஃபியா என்பது இயைபு. ரதீஃப் அதன் பின்னால் மாறாமல் வரும் சொல். முடிவு கேட்பவருக்கு முன்பே தெரியும், கவிஞர் எந்த வழியாக அங்கே வந்து சேர்வார் என்பதுதான் தெரியாது. அந்தத் தவிப்பை வளர்ப்பதுதான் பாடகர் வேலை. முதல் வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு விதமாகப் பாட வேண்டும். நம் கர்நாடக இசையில் ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவல் போலத்தான், ஆனால் இங்கே அடுத்த வரியைக் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு பாடுகிறீர்கள். பாகிஸ்தானின் கஜல் பாடகர் மெஹ்தி ஹசன் (1927–2012) கச்சேரிகளில் ஒரே கஜலை அரை மணி நேரம் பாடியதும் இப்படித்தான். இரண்டாம் வரி விழுந்ததும் சபை 'வாஹ்' என்று சொல்லும், தபலா லக்கியில், அதாவது விரைவான துள்ளல் நடையில், துள்ளும். டிராக்கிலோ முதல் வரிக்கு இத்தனை ஆவர்த்தனம் என்று முன்பே அளந்துவிட்டார்கள். அப்புறம் எங்கே காத்திருப்பது?

அளந்த இசையிலும் கஜல் நிற்கும் என்று பலர் கஜல் பாடகர் ஜக்ஜித் சிங்கைக் காட்டி வாதாடுவார்கள். கிட்டாரும் எளிய மெட்டுமாக அவர் கஜலை வீடுவீடாகக் கொண்டுபோனார், மறுக்கவில்லை. ஆனால் அவரது இசைத்தட்டை மட்டும் கேட்காதீர்கள், மேடைப் பதிவுகளையும் கேளுங்கள். கஜல் பாடகி பேகம் அக்தரை (1914–1974) அதற்கும் முன்னால் கேளுங்கள்.

காபூல் கஜலில் சுதந்திரம் இன்னும் அதிகம். அங்கே பாடகர் நடுவில் வேறொரு கவிதையின் ஈரடியையே கொண்டுவந்து செருகுவார். டெல்லியில் அடக்கம் செய்யப்பட்ட பாரசீகக் கவி பேதிலின் கவிதைகளை அங்கே ஆப்கன் பாடகர் உஸ்தாத் சராஹங் பாடியது தனிச் சிறப்பு. மத்திய ஆசியாவில் புகாரா நகரின் செவ்வியல் இசையான ஷஷ்மகாம் வேறு வகை. ஹாஃபிஸ், நவாயி என்னும் கவிஞர்களின் கஜல்களைப் பாடினாலும் மெட்டு பெரிதும் வரையறுத்தது. அவ்ஜ் என்னும் உச்சத்தை நோக்கிப் படிப்படியாக ஏறும். நான் மேலே சொன்னதை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தபலாக்காரர் கிடைக்காதவர்கள் தபலா செயலியில் எட்டு மாத்திரைக் கஹர்வா தாளத்தை வைத்துப் பாடுங்கள், போதும். அதுவும் முதல் வாரம் வேண்டாம். கவிதையை வாய்விட்டுப் படித்து, சந்தம் நாக்கில் பழகிய பிறகு.