பின்னூட்டம்: பின்னால் ஊட்டுவதா, பிறகு ஊட்டுவதா?

திரையில் பெட்டிகளைக் கம்பியால் இணைத்து ஒலி நிரல் எழுதும் மென்பொருள் பியூர் டேட்டா. அதில் ஒலி ஓடும் ஒரு பெட்டியின் வெளிவாயிலிருந்து கம்பி இழுத்து, அதற்கு முந்தைய பெட்டியின் உள்வாயில் செருகிப் பாருங்கள். வளையம் மூடியதும் 'டிஎஸ்பி லூப் டிடெக்டட்' என்று பிழைச்செய்தி வரும். வளையத்தில் மாட்டிய பெட்டிகள் ஓடாது. மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டினால் தானாக நடந்துவிடுகிற காரியத்தை, ஒலிக்கென்றே செய்த மென்பொருள் செய்ய மறுக்கிறது. ஏன் என்று விளங்கிக்கொள்ள ஃபீட்பேக் என்ற ஆங்கிலச் சொல்லைவிடப் பின்னூட்டம் என்ற தமிழ்ச் சொல்தான் அதிகம் உதவும் என்பது என் கட்சி.

முதலில் ஆங்கிலம். ஃபீட் என்றால் ஊட்டு. பேக் என்றால் வந்த வழியே திரும்பி. இரண்டும் ஒட்டி, 1920 வாக்கில் மின்னணுவியல் சொல்லாக அச்சேறியது. வானொலி வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1914இல் காப்புரிமை பெற்ற வானொலி ஏற்பிச் சுற்று (ரிசீவர்), பெருக்கியிலிருந்து வெளியே வருவதில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு, மெலிந்த சிக்னலை மறுபடி மறுபடி பெருக்கியது. அளவு மீறினால் ஊளையிட்டது. 1927இல் ஹெரால்ட் பிளாக் அதைத் தலைகீழாக்கி, திரும்பி வருவதை உள்ளே போவதிலிருந்து கழிக்கும் யோசனையைக் கண்டுபிடித்தார்; பெருக்கியின் திரிபு குறைந்தது. முன்னது நேர்ப் பின்னூட்டம், பின்னது எதிர்ப் பின்னூட்டம். 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்ற பொருள் ஆங்கிலத்தில் ஐம்பதுகளில்தான் வந்து ஒட்டிக்கொண்டது. நம்மில் பலருக்கோ அறிமுகமே தலைகீழ். வலைப்பதிவுகளில் வாசகர் கருத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டியதால், பின்னூட்டம் என்றதும் கருத்துப்பெட்டிதான் கண்ணில் தெரிகிறது.

சொல்லைப் பிரித்தால் பின் + ஊட்டம். ஊட்டு என்பது உண் என்பதன் பிறவினை. காண் காட்டு ஆனதுபோல, பூண் பூட்டு ஆனதுபோல, உண் ஊட்டு ஆனது. பாலூட்டு, நினைவூட்டு, மெருகூட்டு எல்லாம் இதே குடும்பம். ஃபீட் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது.

விஷயம் இருப்பது பின் என்பதில். 'வீட்டின் பின்' என்றால் இடம். 'மழைக்குப் பின்' என்றால் காலம். ஆங்கில பேக் பாதையைத்தான் சொல்கிறது. 'பிறகு' என்ற பொருள் அதற்கு இல்லை. பின்னூட்டத்தைப் பின்பக்கமாக ஊட்டுவது என்றும் படிக்கலாம், பின்னர் ஊட்டுவது என்றும் படிக்கலாம். சொல்லை ஆக்கியவர் முதல் பொருளை மட்டும் மனதில் வைத்திருக்கலாம். நிரலிலோ இரண்டாவது இல்லாமல் முதலாவது நடக்காது.

காரணம் எளிது. ஒரு பெட்டி கணக்குப் போட வேண்டுமென்றால் அதன் உள்வாய்க்கு முதலில் எண்கள் வர வேண்டும். வளையத்தில் அந்த எண்கள் அதே பெட்டியின் விடையிலிருந்து வர வேண்டியவை. எதை முதலில் ஓட்டுவது? பெட்டிகளை வரிசை கட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் மென்பொருளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சென்ற சுற்றின் விடையை இந்தச் சுற்றில் ஊட்டினால் மட்டுமே வழி பிறக்கும்.

சுற்று என்பது எவ்வளவு நேரம்? கணினியில் ஒலி என்பது அடுத்தடுத்து அளந்த எண்களின் வரிசை; ஒவ்வொரு எண்ணும் ஒரு மாதிரி (சாம்பிள்). பியூர் டேட்டா வழக்கமாக 64 மாதிரிகளை ஒரு கட்டாகச் சேர்த்து ஓட்டும். நொடிக்கு 44,100 மாதிரி என்றால் ஒரு கட்டு ஏறக்குறைய 1.45 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் ஒலி காற்றில் அரை மீட்டர் போகும். ஆகவே சும்மா ஒரு வளையம் போட்டால், ஸ்பீக்கரிலிருந்து அரை மீட்டர் தள்ளி மைக் வைத்ததுபோலத்தான். அதைவிட நெருங்க விடாது.

வளையம் போடும் வழி இது: டெல்ரைட் பெட்டி ஒலியை நினைவகத்தில் எழுதும், டெல்ரீட் பெட்டி அதைச் சற்றுப் பிந்திப் படிக்கும். இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது, பொதுப்பெயர் ஒன்றுதான் உறவு. கண்ணுக்கு வளையம் அறுந்திருக்கும், காதுக்கு மூடியிருக்கும். பின்னூட்டத்தில் படிக்கும் பெட்டி முதலில் ஓடியாக வேண்டும். அது தருவதைத்தானே மற்றது எழுதப்போகிறது. ஆகவே படிக்கக் கிடைப்பது சென்ற கட்டில் எழுதியதுதான். அதனால் 0.5 மில்லிசெகண்ட் பிந்தினால் போதும் என்று கேட்டாலும் 1.45தான் கிடைக்கும். பிழைச்செய்திகூட வராது, அதுதான் வம்பு.

நான் இதில் நன்றாக மாட்டிக்கொண்டேன். கெவின் கார்ப்ளஸும் அலெக்சாண்டர் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்ட மீட்டுத்தந்தி முறையைச் செய்து பார்த்தேன். ஒரு துளி இரைச்சலை வளையத்தில் விட்டு, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் மழுக்கினால் தந்தியை மீட்டியதுபோல ஒலிக்கும். வளையத்தின் நீளம்தான் சுருதி. 440 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 100 மாதிரி, தொல்லையில்லை. 659 ஹெர்ட்ஸ் வரை ஏறிற்று. அடுத்த சுரம் 698. அதிலிருந்து கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரே சுருதி! கணக்கில்தான் பிழை என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். 44,100ஐ 64ஆல் வகுத்திருந்தால் 689 என்று அப்போதே தெரிந்திருக்கும்.

தீர்வு, வளையத்தை மட்டும் தனி உட்பேட்சில் (நிரலுக்குள் ஒரு குட்டி நிரல்) வைத்து, அங்கே கட்டின் அளவைச் சொல்லும் பிளாக் பெட்டியில் 1 என்று எழுதுவது. எழுதும் பெட்டி, படிக்கும் பெட்டி இரண்டும் உள்ளேயே இருக்க வேண்டும். இனி ஒரு மாதிரி பிந்தினால் போதும். விலை உண்டு: நொடிக்கு 689 சுற்று ஓடிய இடத்தில் 44,100 சுற்று ஓடும். எனவே வேறு எதையும் அந்த உட்பேட்சில் திணிக்காதீர்கள். அவ்வளவு தேவையில்லை என்றால் 16 போடலாம். உச்சவரம்பு 2,756 ஹெர்ட்ஸுக்கு உயரும். பியூர் டேட்டாவைப் போன்ற இன்னொரு மென்பொருளான மேக்ஸில், ஜென் என்ற பெட்டிக்குள் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு மாதிரியைப் பிடித்து வைத்து அடுத்த சுற்றில் விடும். பெயர் பொருத்தம்தான்.

பின்னூட்டமே இல்லாமல் ஒலியைச் சற்றுப் பிந்தவிடும் சின்ன டிலே வேறு சங்கதி. எழுதும் பெட்டி முதலில் ஓடும்படி வரிசையை அமைத்தால் பூஜ்யம் வரைகூட இறங்கலாம். இரண்டையும் தனித்தனி உட்பேட்சில் போட்டு, எழுதுவதிலிருந்து படிப்பதற்கு ஒப்புக்கு ஒரு ஒலிக்கம்பி இழுத்தால் வரிசை அமைந்துவிடும்.

திரும்பி வருவதன் அளவும் முக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் 0.5ஆல் பெருக்கினால் பத்தே சுற்றில் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேயும், 0.9 என்றால் 66 சுற்று. 1 என்றால் தேயவே தேயாது. தாண்டினால் எண்கள் வெடித்துச் சிதறும். வளையத்துக்குள், எண்களை வரம்பு தாண்டாமல் வெட்டும் ஒரு கிளிப் பெட்டி போட்டுவிட்டு, முதல் ஓட்டத்தில் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள்.

சரி, டிலேவுக்கு என்ன சொல்? தாமதம் என்று எழுதுகிறோம். அதில் ஒரு குற்றத்தொனி இருக்கிறது. 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று கேட்டே பழகிய சொல். சுணக்கம் இன்னும் மோசம், சோம்பலின் வாடை. முன் என்பதிலிருந்து முந்து பிறந்ததுபோல, பின் என்பதிலிருந்து பிறந்த பிந்து இருக்கிறதே. 'பிந்தி வந்தார்' என்பது ஈழத்தமிழில் இன்றும் புழங்கும் பேச்சு. நாமாக விரும்பிப் போடும் டிலேவைப் பிந்தல் என்றும், கட்டையை அழுத்தியபின் ஒலி வரக் காத்திருக்க வைக்கும் லேட்டன்சியைத் தாமதம் என்றும் பிரித்து எழுதலாம். முன்னது வேண்டியது, பின்னது தொல்லை. பின்னூட்டமும் பிந்தலும் ஒரே வேரில் வந்து நிற்பது தற்செயலாக இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

லூப்புக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறேன். ஒலி சுற்றுவது வளையம். ஒலியல்லாத செய்திகள் ஓடும் மெல்லிய கம்பியில் சுற்று விழுந்தால், மென்பொருள் முன்கூட்டி மறுக்காது. செய்தி தன்னைத்தானே அழைத்து அழைத்து 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று முட்டி நிற்கும். அதைக் கண்ணி என்பேன், பறவைக்கு வைப்பார்களே அந்தக் கண்ணி. நடுவில் ஒரு டிலே பெட்டியைச் செருகி ஒரு மில்லிசெகண்ட் பிந்தவிட்டால் அவிழ்ந்துவிடும்.