அரசுக் கணக்கு இணையதளத்தில் உங்கள் ஊர் எங்கே?

மாநில அரசின் வரவு செலவை மக்கள் பார்வைக்கு வைக்க ஓர் இணையதளம் வேண்டும் என்று பேச்செடுத்தால், முதல் கூட்டத்திலேயே வண்ண வரைபடங்கள் வந்துவிடும். வருவாய்க்கு ஒரு வட்டம், கடனுக்கு ஒரு கோடு, கல்விக்கு இத்தனை சதவீதம். அரசு நிதித் தரவுகளோடு பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இந்தப் படங்களை வைத்து ஒரு குடிமகன் உருப்படியாக ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. சுகாதாரத்துக்கு இத்தனை ஆயிரம் கோடி என்றால் அது சரியா தவறா என்று யாருக்குத் தெரியும்? "உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட இவ்வளவு" என்று போட்டுப் பாருங்கள். சுவர் இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தெருவில் ஆடு மேய்ப்பவரே சொல்லிவிடுவார்.

இதை நாட்டுக்குக் காட்டியவர்கள் ராஜஸ்தான் கிராமத்துக் கூலித் தொழிலாளர்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் வருகைப் பட்டியல்களை ஊரார் முன் சத்தமாகப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தால், கேட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. கணக்காளரோ தணிக்கையாளரோ தேவைப்படவில்லை. 1996-இல் தகவல் பெறும் உரிமை கேட்டு பியாவரில் 40 நாள் தர்ணா நடந்தது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அதே ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் தொடங்கிய ஜன் சூச்னா போர்ட்டல் என்ற அரசு இணையதளம் ரேஷன், ஓய்வூதியம், ஊரக வேலை ஆகிய விவரங்களை ஊர்வாரியாகக் காட்டுகிறது. யாரும் மனுப் போட வேண்டியதில்லை.

நலத்திட்டங்களுக்குச் செய்ததை மாநிலத்தின் மொத்தக் கணக்குக்கும் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். தரவு ஏற்கெனவே கருவூலத்தில் இருக்கிறது.

இந்தியாவில் எந்த மாநில அரசு செலவழித்தாலும் அது எதற்கான செலவு என்று காட்டும் ஓர் எண், அதாவது கணக்குத் தலைப்பு, உண்டு. 2210 என்றால் மருத்துவம், பொதுச் சுகாதாரம். அதன் கீழ் 03 ஊரக அலோபதி மருத்துவச் சேவை, அதற்கும் கீழ் 103 ஆரம்ப சுகாதார நிலையங்கள். 2, 3 என்று தொடங்கினால் வருவாய்ச் செலவு, அதாவது சம்பளம் போன்ற அன்றாடச் செலவு. 4, 5 என்றால் மூலதனச் செலவு, அதாவது கட்டடம் போன்றவை. ஆகவே அதே நிலையத்தில் நர்ஸ் சம்பளம் 2210-இலும் புதுக் கட்டடம் 4210-இலும் இருக்கும். இது தெரியாதவர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்துத் தருவதுதான் இணையதளத்தின் வேலை.

ஊர் எங்கிருந்து வரும்? செலவுப் பட்டியலை (பில்) கருவூலத்துக்கு அனுப்பும் பணம் பெற்று வழங்கும் அலுவலருக்கு ஒரு குறியீடு இருக்கிறது. அந்த அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் அதிலேயே தெரியும். இந்த ஒரு குறியீட்டை வெளியிட்டாலே செலவு வட்டார அளவுக்காவது இறங்கி வந்துவிடும். பெரும்பாலான வடிவமைப்புகளில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான், "மக்களுக்கு இது எதற்கு" என்ற ஒரே கேள்வியில். எனக்கு இதில் மிகுந்த வருத்தம். கட்டட வேலை என்றால் இதுவும் போதாது. டெண்டர் விவரம் ஒரு தளத்தில், பணம் கொடுத்த விவரம் வேறொரு தளத்தில் கிடக்கும். இரண்டையும் கோக்க ஒரே வேலை எண் வேண்டும்.

இன்னொரு இடத்திலும் கண் வைக்க வேண்டும். தேசிய சுகாதாரத் திட்டப் பணம் மாநிலக் கருவூலத்திலிருந்து, அந்தத் திட்டத்தை நடத்தும் தனி அமைப்பான மாநில நல்வாழ்வுச் சங்கத்துக்கு மானியமாகப் போவது பல ஆண்டுகளாக இருந்த வழக்கம். போன அன்றே அரசுக் கணக்கில் அது செலவு. சங்கத்தின் வங்கிக் கணக்கில் அது சும்மா கிடந்தாலும் புத்தகத்தில் செலவாகவே நிற்கும். சங்கங்கள், வாரியங்கள், கழகங்கள் இல்லாத இணையதளம் பாதிக் கணக்கைத்தான் காட்டும்.

பட்ஜெட் புத்தகத்தின் அட்டவணையில் நான்கு பத்திகள் இருக்கும். 2024-25 புத்தகம் என்றால் 2022-23-இன் கணக்கு, 2023-24-இன் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, 2024-25-இன் மதிப்பீடு. உண்மையில் செலவானது கணக்குப் பத்தி மட்டுமே. செய்தியில் வருவதோ 2024-25-இன் மதிப்பீடு. மாதவாரியாகச் செலவைப் போட்டால், நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகக் கொட்டப்படும் பணமும், மார்ச் 31-இல் செலவாகாமல் ஒப்படைக்கப்படும் பணமும் தானாகவே தெரியும்.

தரவு எந்த வடிவில் வருகிறது என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஒரு துறையின் அறிக்கையிலிருந்து தமிழ் அட்டவணையை நகலெடுத்தேன். எக்செலில் ஒட்டியதும் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குறிகளாகச் சிதறி விழுந்தது. பழைய எழுத்துரு. எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது 2010-இல். ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம், அதில் தேடவே முடியாது. எக்செல் போன்ற எதிலும் திறக்கும் சிஎஸ்வி கோப்பாகக் கொடுங்கள், மற்றதை மக்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நோய் விவரம் இவை எதுவும் வெளியே வரக்கூடாது. ஆனால் தனியுரிமை என்ற பெயரில் ஒப்பந்ததாரர் பெயரையும் தொகையையும் மறைப்பதை ஏற்க முடியாது.

இணையதளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒதுக்கிய தொகையையும் கொடுத்த பணத்தையும் அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப் பிரிவு 4(1)(b)(xi) சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மனு எழுதுங்கள்: இன்ன அலுவலகம், இன்ன நிதியாண்டு, கணக்குத் தலைப்புவாரியாக, மாதவாரியாகச் செலவு. கணினிக் கோப்பாகவே வேண்டும் என்றும் எழுதுங்கள். பிரிவு 2(j) அந்த உரிமையைத் தருகிறது. 2210, 4210 இரண்டையும் குறிப்பிட மறக்காதீர்கள்.