வான்கூவர்–சியாட்டில் மூன்று மணி நேரம் என்று யார் சொன்னது?

போன சனிக்கிழமை காலை 11:10-க்கு சியாட்டில் பக்கத்து ரெட்மண்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அக்கா, அப்பா அம்மா பார்டர்ல நிக்கறாங்க, கார் நகரவே மாட்டேங்குதாம். சீடாக் ஏர்போர்ட்ல 2:40-க்கு ஃபிளைட். பிடிச்சிடுவாங்கல்ல?"

பிடிக்க மாட்டார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "மேப்புல ரெண்டு மணி ஐம்பது நிமிஷம்தான் காட்டுச்சு" என்றார். இந்தப் பருவத்தில் இந்த வாக்கியத்தை நான் கேட்பது ஐந்தாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். ஊரிலிருந்து பி-2 என்ற அமெரிக்கச் சுற்றுலா விசாவில் வந்த பெற்றோரை மகன் அலாஸ்கா க்ரூஸில் அனுப்பியிருக்கிறார். விமானத்தில் ஆங்கரேஜ், அங்கிருந்து விட்டியர் துறைமுகம், ஏழு இரவு கப்பல், கடைசியில் கனடாவின் வான்கூவர். பயண ஏற்பாடுதான் என் தொழில், க்ரூஸை நான்தான் பதிவு செய்தேன். "வான்கூவர்ல இருந்து சியாட்டிலுக்கு நான் பாத்துக்கறேன் அக்கா" என்றார். சரி, பெரியவர் பொறுப்பு பிள்ளைக்கு என்று விட்டுவிட்டேன். என் தப்பும் அதில் இருக்கிறது.

கப்பல் காலை 7 மணிக்கே வான்கூவர் துறைமுகமான கனடா பிளேஸில் கட்டிவிட்டது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, சக்கர நாற்காலி கேட்டிருந்தார்கள். அந்த வரிசை நகர்ந்து, கனடா இமிகிரேஷன் முடித்து, பெட்டியைத் தேடி எடுத்து வெளியே வர 9:20. அன்று மூன்று கப்பல்கள். பேசி வைத்த கார் அந்த நெரிசலில் இவர்களைக் கண்டுபிடிக்க 9:50. எல்லைக்கு 10:40-க்குப் போய் வரிசையின் வாலில் நின்றார்கள். சாவடியைத் தொடும்போது மணி 12. அங்கேயும் முடியவில்லை. "உள்ளே போங்கள்" என்று கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது 12:40. அங்கிருந்து சீடாக் இன்னும் 200 கிலோமீட்டர்.

உள்ளே அதிகாரி அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, எங்கிருந்து வருகிறீர்கள் என்பது. அப்பா சொன்ன பதில், "அலாஸ்கா". அதாவது அமெரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு வருகிறேன் என்கிறார், கனடா எல்லையில் நின்றுகொண்டு. அவர் மீது குற்றமில்லை. யாரும் அவருக்கு விளக்கவில்லை.

எனக்கு எல்லாவற்றையும் விட எரிச்சல் தருவது இந்த நினைப்புதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலம். விட்டியர், ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் எல்லாமே அமெரிக்க ஊர்கள்தான். ஆனால் கப்பல் உங்களை இறக்கிவிடுவது கனடாவில். கப்பலை விட்டு இறங்கிய நிமிடத்தில் நீங்கள் கனடாவுக்குள் நுழைந்துவிட்டீர்கள், அதற்குத்தான் கனடா விசாவும் அந்த இமிகிரேஷன் வரிசையும். அதன் பிறகு சியாட்டிலுக்குப் போவதென்றால், அமெரிக்காவுக்குப் புதிதாக வருகிறீர்கள் என்று பொருள். இரண்டு மாதம் முன்பு விமான நிலையத்தில் கைரேகை வைத்தது, "போன வாரம்தான் உள்ள இருந்தோம்" என்பது, மகன் அங்கே வேலை பார்ப்பது, எதுவும் இந்த நுழைவுக்குப் பதிலாகாது. சென்னையிலிருந்து வேலூர் போவது போல இது இரண்டு ஊருக்கு நடுவே ஒரு நெடுஞ்சாலைப் பயணம் இல்லை. நடுவில் ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குகிறது. மேப் காட்டும் கோடு நேராக இருப்பதால் அது மறந்துபோகிறது.

மேப் பொய் சொல்வதில்லை. 230 கிலோமீட்டர், தடையில்லாமல் ஓட்டினால் இரண்டே முக்கால், மூன்று மணி நேரம்தான். ஆனால் வான்கூவர் டவுன்டவுனுக்குள் விரைவுச் சாலையே கிடையாது, சிக்னல் சிக்னலாக ஊர்ந்துதான் நெடுஞ்சாலை 99-ஐப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஃப்ரேசர் ஆற்றுக்குக் கீழே மாஸி சுரங்கம். 1959-இல் திறந்தது, நான்கே தடம், காலையும் மாலையும் அடைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் பீஸ் ஆர்ச் எல்லை. ஜூலை 1 கனடா தினம், ஜூலை 4, ஆகஸ்ட் முதல் திங்கள் வரும் பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா) தினம், செப்டம்பர் தொழிலாளர் தினம் ஒட்டிய வார இறுதிகளில் அந்த வரிசையைப் பார்த்தால் தேர்த் திருவிழா நினைவுக்கு வரும். கடைசியாக, சீடாக் விமான நிலையம் சியாட்டிலுக்குத் தெற்கே இருக்கிறது. வடக்கிலிருந்து வருகிறவர் எவரெட், சியாட்டில் இரண்டின் நெரிசலையும் முழுங்கிவிட்டுத்தான் அங்கே போக முடியும்.

நெக்ஸஸ் வரிசையில், அதாவது முன்கூட்டியே சோதித்து அனுமதி அட்டை பெற்றவர்களுக்கான விரைவு வரிசையில், போகலாமே என்று ஒருவர் கேட்டார். காரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த அட்டை வேண்டும். ஓட்டுநருக்கு மட்டும் இருந்து பயனில்லை.

சரி, எதில் போவது? கிலோமீட்டரையும் டிக்கெட் விலையையும் ஒரு நிமிடம் ஒதுக்கி வையுங்கள். இந்த வண்டி எல்லையை எப்படிக் கடக்கிறது என்று கேளுங்கள். நான் இந்தத் தொழிலில் இந்தப் பாதைக்குக் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.

ரயில்தான் என் முதல் விருப்பம். ஆம்ட்ராக் காஸ்கேட்ஸ். பசிபிக் சென்ட்ரல் நிலையத்தில் ஏறுவதற்கு முன்பே அமெரிக்க இமிகிரேஷனை முடித்துவிடுவார்கள். உட்கார இடம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, கார் வரிசையில் ஒன்றரை மணி நேரம் மடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டியதும் வரும் அமெரிக்க ஊரான பிளெய்னில் ரயிலை நிறுத்திச் சுங்கச் சோதனைக்கு அதிகாரிகள் ஏறி வருவார்கள், அதற்கு நீங்கள் இறங்க வேண்டாம். நாலு, நாலரை மணி நேரத்தில் சியாட்டில் கிங் ஸ்ட்ரீட் நிலையம். பக்கத்திலேயே லைட் ரயில், சீடாக் வரை போகும். துறைமுகத்திலிருந்து பசிபிக் சென்ட்ரல் போவதும் எளிது. கனடா பிளேஸை ஒட்டியிருக்கும் வாட்டர்ஃப்ரன்ட் நிலையத்தில் எக்ஸ்போ லைன் ஸ்கைட்ரெயின் (மெட்ரோ ரயில்) ஏறினால் நான்காவது நிறுத்தம், மெயின் ஸ்ட்ரீட்–சயின்ஸ் வேர்ல்ட்.

சிக்கல் நேரத்தில்தான். காலை ரயில் ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடும், கப்பலிலிருந்து ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. அடுத்தது மாலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில். சியாட்டில் சேர இரவு பத்தாகிவிடும். நடுவில் ஒரு பகல் முழுக்க இருக்கிறது. பெட்டிகளைக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளும் இடங்கள் டவுன்டவுனில் உண்டு, வைத்துவிட்டு ஸ்டான்லி பார்க் போய் வாருங்கள். இதைச் சொன்னால் "ஒரு நாள் வேஸ்ட் ஆகுதே அக்கா" என்கிறார்கள். பீஸ் ஆர்ச்சில் நிற்பது மட்டும் என்னவாம்?

இன்னொன்று. ரயில் டிக்கெட் போடும்போது ஊர்ப் பெயரை இரண்டு தடவை படியுங்கள். வாஷிங்டன் மாநிலத்திலேயே, போர்ட்லாண்டுக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு வான்கூவர் இருக்கிறது. இதே ரயில் பாதையில், இதே ரயில் பெயரில். கனடா வான்கூவரின் நிலையக் குறியீடு வி.ஏ.சி., அந்த வான்கூவருக்கு வி.ஏ.என். கணினித் துறையில் பதினைந்து வருட அனுபவமுள்ள ஒருவர் மாமனாருக்கு வி.ஏ.என். போட்டுக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பஸ் அடுத்தது. கனடா பிளேஸிலேயே ஏற்றி சீடாக் வரை விடும் ஷட்டில் பஸ்கள் இருக்கின்றன, சில கப்பல் நிறுவனங்களும் நேரடி பஸ்ஸை விற்கின்றன. பஸ்கள் பெரும்பாலும் பீஸ் ஆர்ச்சை விட்டு, பக்கத்திலுள்ள பசிபிக் ஹைவே எல்லை வழியாகப் போகும். கார் வரிசை அதைத் தடுக்காது. ஆனால் எல்லையில் எல்லோரும் இறங்க வேண்டும், எல்லாப் பெட்டிகளோடும். ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை, முழங்கால் வலி என்று இருக்கும் அம்மாவை இதில் ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். இளசுகளுக்குச் சரிதான், மலிவும் கூட.

வாடகைக் காரை ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். சில இடங்களில் அனுமதியே இல்லை. எழுத்தில் கேட்டு வாங்காமல் எடுக்காதீர்கள்.

வாட்ஸப் குழு வேன் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். "நம்ம பையன் ஒருத்தன் வேன் வெச்சிருக்கான், 200 டாலர் கொடுத்தா கொண்டுவந்து விட்ருவான்." காசுக்கு ஆள் ஏற்றும் அனுமதி அவனிடம் இருக்கிறதா? வழியில் மோதினால் பணம் தரும் இன்சூரன்ஸ் இருக்கிறதா? எல்லையில் அதிகாரி "இவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டால் அப்பா என்ன சொல்வார்? "தம்பி மாதிரி" என்றா? எழுபது வயதில், விசாவில் வந்த மனிதரை, சீருடை போட்ட அதிகாரியிடம் பொய் சொல்ல வைக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

காரிலோ பஸ்ஸிலோ போனால், பி-2 விசாக்காரர்களைத் தரை எல்லையில் கட்டடத்துக்குள் அனுப்புவது வெகு சாதாரணம். தண்டனை இல்லை, விசாரணை இல்லை, ஐ-94 சரிபார்ப்புதான். எப்போது உள்ளே வந்தீர்கள், எதுவரை தங்கலாம் என்று காட்டும் அமெரிக்கப் பதிவு அது. பயப்பட வேண்டாம், ஆனால் நேரத்தை ஒதுக்குங்கள். பழைய ஐ-94 காலாவதியாகாமல் இருந்தால் அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். புதிதாக வேண்டுமென்றால், தரை வழியாக வருகிறவர்கள் ஏழு நாள் முன்பிருந்தே அரசு இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டலாம். "கனடா போயிட்டு வந்தா மறுபடி ஆறு மாசம் குடுப்பாங்க" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னதை நம்பி ஊர் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

கனடா விசா: இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கட்டாயம் வேண்டும், அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் விசா வேண்டாம், பாஸ்போர்ட்டும் அட்டையும் போதும். விசா இல்லாமல் போனால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள், பணமும் திரும்பாது.

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள் இல்லையா, அதில் பாஸ்போர்ட்டைப் போட்டு அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. சர்க்கரை மாத்திரையைப் போட்டு அனுப்புகிறவர்கள் அதைவிட அதிகம். காலையில் பெட்டி கப்பலின் வயிற்றில் எங்கோ இருக்கும், இவர்கள் வெறும் கையோடு நிற்பார்கள். பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, சார்ஜர் எல்லாம் கைப்பையில்.

அந்த அம்மாவின் கைப்பையில் டிஷ்யூவில் சுற்றிய இரண்டு ஆப்பிள் இருந்தது. கப்பல் பஃபேயில் எடுத்தது, வழியில் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுக்க. நல்ல வேளை, கேட்டதும் மறைக்காமல் எடுத்து வைத்துவிட்டார், அபராதம் போடவில்லை. "காசு கொடுத்துதானே கப்பல்ல சாப்பிட்டோம், ரெண்டு ஆப்பிளுக்கு என்ன" என்று பிறகு என்னிடம் கேட்டார். பழம், காய், கறிவேப்பிலை எதுவும் வேண்டாம் அம்மா. பிஸ்கட் பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் அன்றைக்கே இந்தியாவுக்கு விமானம் என்றால் அதை சியாட்டிலிலிருந்து போடாதீர்கள். வான்கூவர் விமான நிலையத்திலிருந்தே போடுங்கள். வாட்டர்ஃப்ரன்ட்டிலிருந்து கனடா லைன் மெட்ரோவில் அரை மணிகூட ஆகாது. ஆசியா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ போனால் அமெரிக்க எல்லையே குறுக்கே வராது. சியாட்டில் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் வான்கூவரிலிருந்து ஒரே டிக்கெட்டாக எடுங்கள். அமெரிக்க இமிகிரேஷனை வான்கூவர் விமான நிலையத்திலேயே முடித்துவிடுவார்கள், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பாடு. தனித்தனி டிக்கெட் என்றால் அது உங்கள் பாடு.

அந்தத் தம்பி புது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் அப்பாவும் அம்மாவும் வான்கூவரில் இரண்டு இரவு நல்ல ஓட்டலில் தங்கி, நிதானமாக ரயிலில் வந்திருக்கலாம். ஜூன், ஜூலையில் மாலை ரயிலில் போனால் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். எல்லைக்குச் சற்று முன்னால், ஒயிட் ராக் ஊர்ப் பக்கம் தண்டவாளம் தண்ணீரை ஒட்டியே போகும். தெற்கே போகும்போது கடல் வலது பக்கம், ஜன்னல் சீட்டை அந்தப் பக்கமாகக் கேளுங்கள்.