கிளியர்கோட்: மேலங்கியும் இல்லை, தெளிப்பும் இல்லை

முப்பரிமாண வரைகலையில் கார் பெயின்ட் செய்வது எப்படி என்று காட்டும் காணொளி ஒன்றில், 'இப்போது தெளிவான மேலங்கியைக் கூட்டவும்' என்று தமிழ் வசனவரி ஓடியது. ஆங்கிலத்தில் சொன்னது 'கிளியர்கோட்'. காருக்கு எதற்கு மேலங்கி, குளிரா? முதல் தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது மூன்றாவது.

'கோட்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் உடை, பிறகு விலங்கின் ரோமம், அப்புறம் பெயின்ட் படலம். வசனவரி எழுதியவர் முதல் படியிலேயே நின்றுவிட்டார்.

காரில் நிறப்பூச்சுக்கு மேலே நிறமி கலக்காத படலம் ஒன்று உண்டு. அதுதான் கிளியர்கோட். மெட்டாலிக் வண்ணத்தில் அலுமினியத் துகள்கள் மினுங்குவது கீழ்ப்படலத்தில். விளக்கின் பிம்பம் கூர்மையாக விழுவது மேற்படலத்தில். ஒரு பரப்பில் ஒளி எப்படிப் படும், எப்படித் திரும்பும் என்று கணினியில் கணக்கிட டிஸ்னி 2012-இல் வெளியிட்ட நிழலாக்க மாதிரியும் இதைத் தனி அடுக்காகவே வைத்தது. ஒளிவிலகல் எண் 1.5 என்றால், நேராகப் பார்க்கும்போது இந்தப் படலம் திருப்பி அனுப்புவது சுமார் 4 சதவீத ஒளிதான். பார்வை நன்றாகச் சாயும்போது அது மளமளவென்று ஏறும். காரின் வளைவு விளிம்புகளில் வானம் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

மேலங்கியை விடுங்கள், அது வெறும் கவனக்குறைவு. என் சண்டை கிளியர்கோட்டுக்குத் தமிழாகச் சொல்லப்படும் 'தெளிபூச்சு' என்ற சொல்லோடு. வினைத்தொகை, சுருக்கம், பார்க்க அழகு, எல்லாம் சரி. ஆனால் 'தெளி' என்றால் தெளிவது மட்டுமா? தண்ணீர் தெளிப்பதும் அதே 'தெளி'தானே. காரில் நிறப்பூச்சையும் துப்பாக்கியால் தெளித்துத்தான் அடிக்கிறார்கள். அப்படியானால் எது தெளிபூச்சு? தெளிவுக்காகப் பிறந்த சொல்லே கலங்கி நிற்கிறது. தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தூய்மையைப் பார்த்தவர்கள் பொருளையும் ஒரு தரம் பார்த்திருக்கலாம்.

'பளபளப்புப் பூச்சு' இன்னும் மோசம். மேட் கிளியர்கோட்டும் இருக்கிறது; சொரசொரப்பு மதிப்பை ஏற்றினால் திரையிலும் பளபளப்பு மங்கிவிடும். அப்போது 'பளபளப்பில்லாத பளபளப்புப் பூச்சு' என்று எழுதுவார்களா? 'நிறமிலிப் பூச்சு' என்பது எனக்கே பிடித்திருந்தது. ஆனால் முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரின் 4.0 பதிப்பில் இந்தப் படலத்துக்குச் சாயமும் ஏற்றலாம் என்று ஆனதும் கைவிட்டேன்.

ஆக, 'ஒளிபுகு மேற்பூச்சு'. சாயம் ஏறினாலும் மங்கினாலும் ஒளி உள்ளே போய்த் திரும்புகிறது, படலமும் மேலேயே இருக்கிறது. மென்பொருள் பட்டியலில் இடம் போதவில்லை என்றால் வெறும் 'மேற்பூச்சு' போதும். அதே 4.0-இல் பிளெண்டர்காரர்களும் 'கிளியர்' என்பதை வெட்டிவிட்டு 'கோட்' என்று மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். அதையும் யாராவது மேலங்கி ஆக்காமல் இருக்க வேண்டும்.