கார்டைக் கழற்றிய பிரஷ் கட்டர்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அபார்ட்மென்ட், கல்லூரி மைதானம், சாலையோரம் எங்கும் புல், புதர் வெட்டும் பிரஷ் கட்டர் சத்தம்தான். கொஞ்சம் குனிந்து பாருங்கள். பல மெஷின்களில் பிளேடுக்கு மேலே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கார்டு (பாதுகாப்பு மறைப்பு) இருக்காது. கேட்டால், "ஈரப்புல் அடைச்சுக்குது, வேலை ஓட மாட்டேங்குது" என்பார்கள்.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதில் சிக்கிய ஜல்லி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டுபவர் மீது வருவதில் பெரும்பகுதியைக் கார்டு தடுக்கும். பக்கவாட்டில் பறப்பதைத் தடுக்காது. அதனால்தான் சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆள் வரக்கூடாது. வந்தால் ஆக்சிலேட்டரை விட்டு, பிளேடு நின்ற பிறகு பேசுங்கள். வேலை தொடங்குமுன் இடத்தை ஒரு சுற்று நடந்து கல், பாட்டில் துண்டு, கட்டுக்கம்பியைப் பொறுக்கிவிடுங்கள். கையில் நீளக் கம்பு இருக்கட்டும். புதருக்குள் விரியன் சுருண்டிருக்கலாம்.

பிளேடுக்குப் பதில் நைலான் கயிறு போட்டு வெட்டும்போது கார்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் ஓரத்தில் உள்ள சின்னக் கத்தி, கூடுதலாக வெளியே வரும் கயிற்றை நறுக்கிவிடும். கார்டு இல்லாவிட்டால் கயிறு நீண்டு, இன்ஜின் இழுக்க முடியாமல் திணறி, கிளட்ச் கருகும். வேலை ஓடவேண்டும் என்று கழற்றியதுதான் கடைசியில் மெஷினை ஒர்க்‌ஷாப்பில் படுக்க வைக்கிறது. கயிறு தீர்ந்ததும் கட்டுக்கம்பியையோ பழைய கிளட்ச் வயரையோ மாட்டுகிறார்களே, அது இன்னும் மோசம். கம்பி அறுந்தால் துண்டு தோட்டா மாதிரி பாயும்.

சீமைக்கருவேலங் கன்று போலக் கெட்டித் தண்டுக்கு பிளேடு மாற்றும்போது, கடிகார முகம் போல அதை நினைத்துக்கொள்ளுங்கள்; உங்களுக்கு நேர் முன்னே இருப்பது 12. 12 முதல் 3 வரையுள்ள பகுதி தண்டில் மோதினால் மெஷின் உதறித் தள்ளும். வலமிருந்து இடமாக வீசி, பிளேடின் இடப்பக்கத்தால் வெட்டுங்கள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு நிற்காமல் சுற்றினால் இன்ஜின் சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவைச் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்.

புல் சிக்கினால் இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிய பிறகே கை வைக்கவேண்டும். பிளேடு நட் பெரும்பாலும் எதிர்மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் இடப்பக்கம் முறுக்கி, ஸ்பேனர் வழுக்கி விரலைக் கிழித்துக்கொள்பவர்கள் உண்டு. பெட்ரோலை, சூடு ஆறிய பிறகு ஊற்றி, ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

வலை முகக்கவசம் மட்டும் போட்டால் கண்ணுக்குப் போதாது. தூசும் புல் துணுக்கும் வலைக்குள் புகும். உள்ளே பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். இலை, புல் பட்டுக் கருவிழி கீறினால் நம் ஊர் வெப்பத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். மறுநாளோ, பல நாள் கழித்தோ கண் சிவந்து, வலித்து, கருவிழியில் வெள்ளை படியலாம். கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பாலோ மூலிகைச் சாறோ விடவேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்தது போலத் தெரியும், உள்ளே பூஞ்சை வளரும். பட்டது புல் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதை வைத்துத்தான் எந்தக் கிருமியைத் தேடுவது என்று அவர் முடிவு செய்வார்.