எண்ணெய் டின்னும் சுருள் குழாயும்

15 கிலோ எண்ணெய் டின்னின் பக்கங்களில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் அழுத்தியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அழகுக்காக இல்லை. தட்டையான மெல்லிய தகடு நிமிர்ந்து நிற்காது. கட்டைவிரலால் அழுத்தினால் ‘டொக்’ என்று உள்ளே போகும், விட்டால் ‘டொக்’ என்று வெளியே வரும். காலையில் ஏசி போட்டதும் அலுவலகத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சில நேரம் ‘டம்’ என்று கேட்பதும் இதே சங்கதிதான். புளோயர் ஓடத் தொடங்கியதும், காற்றைக் கொண்டுபோகும் தகட்டுக் குழாயான சதுர டக்ட்டின் பக்கங்கள் காற்றழுத்தத்தில் புடைத்துக்கொள்கின்றன.

எவ்வளவு அழுத்தம்? டக்ட்டுக்குள் 500 பாஸ்கல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 925 மில்லிமீட்டர் அகலமுள்ள தகட்டில், ஒரு மீட்டர் நீளத்துக்கு அது 47 கிலோ பாரம். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் உள்ளேயிருந்து முதுகால் முட்டுவது போல. அதனால்தான் சதுர டக்ட்டின் தகட்டில் பெருக்கல் குறி போல மடிப்பு போடுகிறார்கள், தகட்டின் தடிமனைக் கூட்டுகிறார்கள், நடுவே ஆங்கிள் வைத்து இறுக்குகிறார்கள். வட்டக் குழாய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகத் தள்ளுவதால் தகடு வளையாமல், இழுபட மட்டும் செய்கிறது. இழுப்பைத் தாங்குவதில் இரும்பை அடிக்க முடியாது. எனவே மெல்லிய தகடே போதும். ஆனால் வெளியேற்றும் குழாயில் பலமான உறிஞ்சல் இருந்தால் வட்டமும் நசுங்கக்கூடும். அங்கே தகட்டின் தடிமனைக் கணக்குப் போட்டே தீர வேண்டும்.

இந்த வட்டக் குழாயைத் தகட்டைச் சுருளாகச் சுற்றிச் செய்தால் அதுதான் ஸ்பைரல் டக்ட். அது உருவாவதைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. சுமார் 137 மில்லிமீட்டர் அகலமுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டுச் சுருள் எந்திரத்துக்குள் போகும். அடிபட்ட கையில் கட்டுத்துணி சுற்றுவது போல அது சாய்வாகச் சுற்றிக்கொண்டே வரும். உருளைகள் இரண்டு ஓரங்களையும் மடித்து, புதிய சுற்றின் ஓரத்தை முந்தைய சுற்றின் மடிப்புக்குள் கோத்து நசுக்கிவிடும். அந்த இடத்தில் தகடு நான்கு அடுக்கு. குழாய் சுழன்றபடியே வெளியே நீள, வேண்டிய அளவில் வெட்டிக்கொள்வார்கள். 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்குள் 11 மீட்டருக்கு மேல் தையல் ஓடுகிறது. இவ்வளவு தையல் இருந்தால் ஒழுகாதா என்றுதான் யாருக்கும் தோன்றும். எந்திரம் ஒரே சீராக நசுக்கிய தையல் அவ்வளவாக ஒழுகுவதில்லை. மாறாக, குழாயைச் சுற்றி விலா எலும்பு போல நின்று அதற்கு விறைப்பும் கொடுக்கிறது.

ஒழுகுவது இணைப்புகளில். சதுர டக்ட் பெரும்பாலும் 1.2 மீட்டர் துண்டுகளாக வரும், ஸ்பைரல் 3 மீட்டராக. பத்து மீட்டருக்கு முன்னதில் எட்டு இணைப்பு, பின்னதில் மூன்று. துண்டுகளை இணைக்கும் விளிம்புச் சட்டமான சதுர ஃபிளேஞ்சின் நான்கு மூலைகளும் காற்றுக்குப் பிடித்த சந்து. வட்டத்தில் மூலையே இல்லை, ரப்பர் வளையம் போட்ட இணைப்பைச் செருகினால் முடிந்தது. ஐரோப்பியத் தரநிலைகளில் கசிவுக்கு ஏ, பி, சி, டி என்று வகுப்புகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் அனுமதிக்கும் கசிவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 500 பாஸ்கலில் 1,000 சதுர மீட்டர் டக்ட்டிலிருந்து ஏ வகுப்பில் வினாடிக்கு ஏறக்குறைய 1,500 லிட்டர் காற்று போகலாம், சி வகுப்பில் 170 தான். போன காற்றை ஈடுகட்ட புளோயரை 10 சதவீதம் கூடுதலாகத் தள்ள வைத்தால், அதன் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும்.

இத்தனை நல்லது இருந்தும் நம் தலைக்கு மேலே ஏன் பெட்டி பெட்டியாகவே ஓடுகிறது? உயரம்தான் காரணம். 500 மில்லிமீட்டர் வட்டக் குழாய் கொண்டுபோகும் காற்றை, அதே உராய்வில் 250 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் 250க்கு 925 என்ற தட்டைப் பெட்டி தேவை. வட்டத்தைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகத் தகடு. இன்சுலேஷனும் அதே அளவு கூடும். சரி, அந்த உயரத்துக்குள் 250 மில்லிமீட்டர் வட்டக் குழாய்களையே பல வரிசை போட்டால் என்ன? பரப்பளவை வைத்துப் பார்த்தால் நான்கு போதும் போலத் தோன்றும். ஆனால் சின்னக் குழாயில் சுவரை உரசிப் போகும் காற்றின் பங்கு அதிகம். ஏறத்தாழ ஆறு வேண்டும். தகடு வட்டத்தைப் போல மூன்று மடங்கு! அந்த இடத்தில் ஸ்பைரலைப் பிடிவாதமாகக் கேட்பது வீம்பு. ஸ்பைரல் குழாயையே இழுத்து நீள்வட்டமாக்கிய டக்ட் கிடைக்கும், அதைப் பார்க்கலாம்.

சத்தத்தைப் பற்றி விற்பவர்கள் பாதிதான் சொல்வார்கள். விறைப்பான வட்டச் சுவர் அதிராது, ஆகவே புளோயரின் கனத்த முனகல் வழியில் அதிகம் வெளியேறாது. உண்மைதான். வெளியேறாத சத்தம் காணாமல் போகாது, குழாயோடு பயணம் செய்து கடைசி கிரில் வழியாக அறைக்குள் இறங்கும். சைலன்சருக்கு இடமும் பணமும் ஒதுக்க வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்கே இல்லாமல் குழாயைத் திறந்து காட்டும் உணவகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஸ்பைரல் கச்சிதம். சென்னை போன்ற கடலோர ஊரில் ஒரு எச்சரிக்கை. உள்ளே ஓடும் காற்று 13 டிகிரி, வெளியே புழுக்கம் என்றால் வெறும் ஜிஐ குழாய் ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் போல வியர்த்து, சாப்பிடுபவர் இலையில் சொட்டும். மேலே இன்சுலேஷன் சுற்றினால் பளபளப்பு போய்விடும். இரண்டு குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நடுவே இன்சுலேஷன் வைத்த இரட்டைச் சுவர் டக்ட்தான் அங்கே வழி. அதற்கு விட்டம் உட்சுவரில் அளக்கப்படும், இன்சுலேஷன் இருபுறமும் 25 மில்லிமீட்டர் என்றால் 500 குழாய் வெளியே 550 ஆகிவிடும். பீமுக்கு அடியில் அந்த 550 இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.